கடல் மேலே வருமுன் கீழே வந்துவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டா கடலுக்குள் போய்விடும் என்று ஒரு தரப்பும், ஆண்டுக்கு நாலு மில்லிமீட்டருக்கா இவ்வளவு கூப்பாடு என்று மறு தரப்பும் வாதிடுகின்றன. அளவைப் பொறுத்தவரை மறு தரப்பு சொல்வது ஏறக்குறைய சரி. 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்ந்தது. ஆனால் வேகம் கூடி வருகிறது. பசுங்குடில் வாயு உமிழ்வைக் கடுமையாகக் குறைத்தாலும் 2100க்குள் 28 முதல் 55 செ.மீ., உமிழ்வு மிக அதிகமானால் 63 முதல் 101 செ.மீ. உயரலாம் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை.

அரை மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். வேதாரண்யம் பக்கம் அது என்ன செய்யும் என்பதை வெள்ள வரைபடம் சொல்லாது, ஆழ்குழாய்க் கிணறு சொல்லும். கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீருக்கு 1.025. அதனால் நிலத்தடி நீர்மட்டம் கடலைவிட ஒரு மீட்டர் மேலே நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். தாழ்ந்த நிலத்தில் வடிகால்கள் இழுத்துவிடுவதால் நீர்மட்டம் கடலோடு சேர்ந்து ஏறாது. கடல் அரை மீட்டர் உயர்ந்தால் அந்த 40 மீட்டர் 20 ஆகிவிடும். களிமண் அடுக்கு குறுக்கிட்டால் கணக்கு மாறும். விளைவு தெரியவும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

மோட்டார் போட்டு நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினாலும் இதே கதைதான், அதுவும் சீக்கிரமாக. இன்று உப்பேறிய கிணறுகளை எல்லாம் காலநிலைக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

வடிகால் சங்கதி இன்னும் மோசம். இந்தக் கரையில் ஓதம் ஏறி இறங்குவதே ஒரு மீட்டருக்குள். ஐப்பசி, கார்த்திகை மழைநீர் கடல் இறங்கும் நேரத்தில்தான் வடிகிறது. கடல்மட்டமே அரை மீட்டர் ஏறிவிட்டால் வடியும் நேரம் சுருங்கி, சம்பா நாள்கணக்கில் தண்ணீரில் நிற்கும்.

நெல் தாங்கும் உப்புக்கும் கணக்கு உண்டு. மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு அலகுக்கும் மகசூல் சுமார் 12 சதவீதம் குறையும். நாற்றும் பூக்கும் பருவமும்தான் முதலில் அடிபடும். ஜிப்சம் போட்டால் சரியாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து. வெறும் உவர் மண்ணை நல்ல தண்ணீர் கட்டி, வடித்துத்தான் கழுவ முடியும். வாய்க்கால் முடியும் கடைமடையில் இரண்டுக்கும் திண்டாட்டம்.

தண்ணீர் மாதிரி எடுப்பவர்கள் மோட்டாரைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கியதைப் பிடித்தால் அளவு பொய்யாகிவிடும். கடலோர ஊராட்சிதோறும் இரண்டு ஆழங்களில் கண்காணிப்புக் குழாய் இறக்கி, கோடைக்கு ஒன்று, மழை முடிந்து ஒன்று என உப்பின் அளவை ஊராட்சிப் பலகையில் எழுதட்டும். எந்த ஊரில் இறைப்பைக் குறைப்பது, எங்கே கதவணையை உயர்த்துவது என்று அதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி