நூலகச் சுவரில் ஏறிய மலை அணில்: ஒரு நன்றி மடல்

ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர்களுக்கு வணக்கம்.

நம் தெரு நூலகத்தின் வெளிச்சுவரில் சாம்பல் மலை அணிலும் யானையும் வரையாடும் ஒருவழியாக ஏறிவிட்டன. பார்ப்பவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். பாராட்டு போய்ச்சேர வேண்டிய இடங்கள் வேறு.

முதல் நன்றி, நான் நேரில் கண்டிராத ஜன்கர் சிங் ஷியாமுக்கு. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்துக்காரர். கோண்டு பழங்குடியின் பாடகர் பிரிவான பர்தான்கள், பாணா என்னும் நரம்பு வாத்தியம் இசைத்துப் பாடிவந்த தெய்வங்களையும் விலங்குகளையும் தாளிலும் துணியிலும் வரைந்தவர். 1980களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அவரைப் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்துவந்தார். ஜன்கர் 2001இல் மறைந்துவிட்டார். உடல் முழுக்கப் புள்ளியும் கோடுமாக விலங்கை நிரப்பும் வழி அவரிடமிருந்து வந்தது. சுவரின் ஓரத்தில் அவர் பெயரை எழுதியிருக்கிறேன். பாணியை எடுத்துக்கொண்டு பெயரை விடுவது திருட்டு என்பது என் கட்சி.

பயிலரங்கில் சொல்லிக்கொடுத்த கோண்டு ஓவியர் அக்காவுக்கு அடுத்த நன்றி. "எங்களில் ஆளுக்கொரு நிரப்பு உண்டு. அதைத் தொடாதே, உன் ஊரில் தேடு" என்றார். தேடியது கோயில் வாசலில் கிடைத்தது. ஆண்டாளுக்கு மாலை தொடுக்கும் அத்தைமார்களே, யானையின் உடம்பெல்லாம் ஓடுவது உங்கள் நார் முடிச்சுதான். மெதுவாகக் கட்டிக் காட்டச் சொல்லி உங்கள் வியாபாரத்தைக் கெடுத்தேன், பொறுத்துக்கொண்டீர்கள்.

செண்பகத்தோப்பு வனக்காவலர் அண்ணன் சொன்னதைக் கேட்டுத்தான் அணிலுக்கு மரங்களைப் போட்டேன். "கிளைக்குக் கிளை தொடணும் தம்பி, அப்பதான் அது கூடு கட்டும், ஓடித் தப்பிக்கும்" என்றார். ஆகவே இரண்டு புளியமரங்களும் உச்சியில் கோத்துக்கொண்டிருக்கின்றன. உடம்பை விட நீளமான வால், அங்கே இன்னொரு கிளையாகிவிட்டது.

பட்டி பார்த்து, சாரத்தையும் வாடகையில்லாமல் விட்டுவைத்த கொத்தனாருக்கும், டீக்குக் கணக்கே எழுதாத கடைக்காரருக்கும் நன்றி. ஈர்க்குச்சியால் வரையாட்டுக்குப் புள்ளி வைத்த பிள்ளைகளே, கோணல்மாணலாக இருப்பதை நான் திருத்தவில்லை, திருத்தவும் மாட்டேன். "யானைக்கு எதுக்குப்பா நீலம்?" என்று தினமும் கேட்ட தாத்தாவுக்கும் ஒரு கும்பிடு. பதில் இன்னும் தெரியவில்லை, தாத்தா.

மீதிப் பெயின்ட் டப்பாக்கள் நூலக அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. ஐப்பசி மழையில் எங்காவது உரிந்தால் என்னைத் தேட வேண்டாம், நீங்களே வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெரு ஓவியன்