எம்டன் நீர்மூழ்கிக் கப்பல் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய மதராஸைப் பற்றி வந்த கட்டுரையில், "எம்டன் என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்கடியில் பதுங்கி வந்து குண்டு போட்டது" என்று ஒரு வரி இருந்தது. தங்கள் இதழில் இந்தப் பிழை வருவது இது மூன்றாவது முறை. உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் குண்டுக்குக் கல்வெட்டு வைத்திருக்கும் ஊரிலிருந்து வெளிவரும் பத்திரிகையில் இதைப் படிக்க மனம் ஆறவில்லை.

எம்டன் முதல் உலகப் போர்க் காலத்து இலகு ரக க்ரூஸர், அதாவது வேகமாக ஓடும் சிறிய போர்க்கப்பல். டான்சிக் கப்பல் தளத்தில் கட்டி 1908 மே மாதம் கடலில் இறக்கினார்கள். 118 மீட்டர் நீளம், மூன்று புகைபோக்கிகள், நிலக்கரியில் எரியும் 12 கொதிகலன்கள், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, ஏறத்தாழ 360 பேர். இத்தனையும் நீர்மட்டத்துக்கு மேலே, எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்ற கப்பல். 1914-இல் ஜெர்மன் நீர்மூழ்கி எதுவும் வங்காள விரிகுடா வரை வரக்கூடிய நிலையிலேயே இல்லை. அவை ஐரோப்பாவின் வடகடலில் இருந்தன. எம்டன் மதராஸைச் சுட்ட அதே செப்டம்பர் 22 அன்று காலையில்தான் அங்கே யு-9 என்ற நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் க்ரூஸர்களை மூழ்கடித்தது. இரண்டு செய்தியும் ஒன்றாகக் கலந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சொல் ஒன்றுதானே தவறு என்று விட்டுவிட முடியவில்லை. நீர்மூழ்கி என்று எழுதிவிட்டால் அந்தக் கப்பலின் கதையில் எதுவுமே புரியாது. எம்டனை ஓட்டியதும் கரி, கடைசியில் மாட்டிவிட்டதும் கரி. முழுக்க நிரப்பினால் சுமார் 860 டன் கொள்ளும். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் போனால் 3,760 கடல் மைல் தாங்கும். வேகத்தைக் கூட்டினால் அந்தத் தூரம் மளமளவென்று குறைந்துவிடும். போகிற வழியில் ஒரு துறைமுகமும் ஜெர்மனிக்குச் சொந்தமில்லை. அதனால்தான் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் மார்கோமானியா என்ற கரிக்கப்பலைக் கூடவே அழைத்து வந்தார். செப்டம்பர் 10 அன்று பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலை அதிலிருந்த வங்காளக் கரிக்காகவே பிடித்தார். அந்தக் கரி மட்டமானது; புகை அதிகம், கசடு அதிகம், கொதிகலனில் ஆவி சரியாக ஏறாது. புகை அதிகமென்றால் தொலைவிலிருந்தே எதிரி பார்த்துவிடுவான். ஆகவே, மாதக் கடைசியில் ப்யூரெஸ்க் கப்பல் 6,000 டன்னுக்கு மேல் உயர்ரக கார்டிஃப் கரியோடு கையில் சிக்கியது அவர்களுக்குப் பெரிய புதையல். கட்டுரையாளர் "மாயக் கப்பல்" என்கிறார். மரச்சட்டத்தில் கித்தானைச் சுற்றி நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி நிறுத்தி, பிரிட்டிஷ் யார்மத் கப்பல் போலத் தோற்றம் காட்டியதுதான் அந்த மாயம். நீருக்கடியில் போகிற கப்பலுக்குப் பொய்ப் புகைபோக்கி எதற்கு?

மதராஸில் நடந்ததும் அப்படித்தான். இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து சுமார் 130 குண்டுகள் சுட்டார்கள். ஊரைத் தரைமட்டமாக்க வந்ததாக எழுதுவது தவறு. அந்தப் பீரங்கியின் குண்டு 17 கிலோ எடை. எண்ணெய்க்குத் தீ வைக்க அது போதும்.

கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று தங்கள் சுதந்திர தின மலரிலும் எழுதினீர்கள். எம்டன் சீனாவின் சிங்டாவ் தளத்திலிருந்து புறப்பட்டது. பிள்ளை அப்போது ஜூரிச்சில் இருந்தார். அந்த அக்டோபரில்தான் பெர்லினுக்குப் போனார். அவர் செய்த உண்மையான வேலைகளே ஏராளம். செய்யாததைச் சேர்த்துப் பெருமைப்படுத்த வேண்டியதில்லை.

"கடலடியில் மூழ்கி மறைந்தது" என்ற முடிவும் பிழை. நவம்பர் 9 அன்று இந்துமாக்கடலின் கோகோஸ் தீவுகளில் கடலடித் தந்தி கேபிள் நிலையத்தை அழிக்க 50 பேரைக் கரையில் இறக்கிவிட்டு, கரி ஏற்ற ப்யூரெஸ்க்கை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது எம்டன். தொலைவில் தெரிந்த புகையை ப்யூரெஸ்க் என்றே நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல். நிலையத்துக்காரர்கள் அதற்குள் அந்நியக் கப்பல் வந்திருப்பதைத் தந்தியடித்துவிட்டிருந்தார்கள். சிட்னி அளவில் பெரியது, வேகமும் கூடுதல். அதன் ஆறு அங்குல பீரங்கிக் குண்டு 45 கிலோ. எம்டன்தான் முதலில் சுட்டது. முதல் சில சுற்றுகளிலேயே குறிவைக்கத் தூரத்தை அளக்கும் சிட்னியின் தூரமானியை உடைத்தும்விட்டது. ஆனால் சிட்னி எட்ட நின்று அடிக்கத் தொடங்கியதும் புகைபோக்கிகள் மூன்றும் சாய்ந்தன, சுக்கான் போயிற்று. மூழ்கினால் ஆட்கள் சாவார்கள் என்று முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். அப்படியும் எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள், சிட்னியில் நால்வர். பாறையில் கிடந்த இரும்பை 1950களில் உடைத்து எடுத்துப் போனார்கள்.

அட்டையில் போட்ட படமும் வேறு கப்பலுடையது. இரண்டு புகைபோக்கி உள்ளது 1925-இல் இறக்கிய எம்டன், இரண்டாம் உலகப் போர்க் கப்பல். இந்தக் குழப்பத்தில்தான் "ஹிட்லரின் எம்டன்" என்ற தலைப்பும் முன்பு ஒருமுறை வந்தது. கண்டிப்பான அப்பாவையும் கெட்டிக்காரப் பையனையும் நாம் இன்றும் எம்டன் என்றுதான் சொல்கிறோம். ஒரு கப்பலின் பெயர் ஒரு மொழிக்குள் இவ்வளவு ஊறியிருக்கும்போது, அது என்ன கப்பல் என்பதாவது அந்த மொழியின் பத்திரிகைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தமும், மூன்று புகைபோக்கி உள்ள சரியான படமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்பு இருமுறை எழுதிய கடிதங்கள் வெளிவரவில்லை. இதற்கும் இடமில்லையென்றால் கடிதத்தை விட்டுவிடுங்கள். திருத்தத்தை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சென்னை