இட்லிப்பூச் செடியும் வெள்ளைக் கல்லும்

திண்டுக்கல்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து ரெண்டு வாரம் ஆகிவிட்டது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அதனால்தான் தாமதம். பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம்.

முன்வாசலில் அலங்காரக் கல் பரப்ப எத்தனை லோடு சொல்வது என்று கேட்டிருந்தாய். லோடு கணக்கே பேசாதே செல்வி. போன வருஷம் நான் கடையில் போய் "சின்னத் தோட்டம்தான்" என்றதும், "ஒரு யூனிட் இறக்கிடலாம்மா" என்றார்கள். யூனிட் என்றால் 100 கன அடி. வீட்டுக்கு வந்து டேப் பிடித்தால் என் இடம் 12 அடிக்கு 10 அடி. 2 அங்குல கனத்துக்கு 20 கன அடி போதும். கொஞ்சம் மண்ணில் அமுங்கும் என்று பத்தில் ஒரு பங்கு கூட்டினேன், 22. ஒரு கன அடி கூழாங்கல் ஏறக்குறைய 45 கிலோ இருக்கும். ஆக, 50 கிலோ மூட்டையில் 20. கடைக்காரர் சொன்னதில் கால்வாசிகூட இல்லை.

நீ நீளத்தை அகலத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்துக்கொள், 2 அங்குலத்துக்கான கன அடி வந்துவிடும். கல் பெரிசாக இருந்தால் 3 அங்குலம் போட்டால்தான் அடிமண் தெரியாது. அப்போது 4-ஆல் வகு.

எந்தக் கல் என்பதில்தான் நான் பட்ட அடி. வெள்ளை மார்பிள் சில்லு பார்க்கப் பளிச்சென்று இருந்தது, வாங்கிவிட்டேன். மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல். மழையிலும் தண்ணீரிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணின் காரம் ஏறும். ஓரத்தில் அம்மா வைத்த இட்லிப்பூச் செடிக்குக் காரமண் ஆகாது, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை சில்லையும் அள்ளிவிட்டு, கரையாத வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) போட்டபிறகு புதுத்துளிர் பச்சையாக வருகிறது.

நீ வாங்கும் முன் கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார். நுரைத்தால் செடிப் பக்கம் வேண்டாம். கல்லுக்கு அடியில் பாலிதீன் விரிக்காதே, தண்ணீர் இறங்கும் நெய்த களைவிரிப்பு கேள். உன் வேப்பமரத்தடியை அப்படியே விட்டுவிடு. இலை கொட்டும் மாசத்தில் கல்லிடுக்கிலிருந்து பொறுக்கி மாளாது.

அளவையும், ஓரத்தில் என்னென்ன செடி இருக்கிறது என்பதையும் எழுது. கணக்கு போட்டு அனுப்புகிறேன்.

உன்
மல்லிகா