ஹெய்மேய் தீவுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நன்றி

அன்புள்ள ஹெய்மேய் மக்களுக்கு,

வணக்கம். வழிதவறித் தெருவில் விழும் பஃபின் என்ற கடற்பறவையின் குஞ்சுகளைத் தேடிக் காப்பாற்ற, இந்த முறையும் எங்களை நம்பி அட்டைப்பெட்டியும் டார்ச்சும் கையில் கொடுத்தீர்கள். முதல் நன்றி அதற்குத்தான்.

உங்கள் தீவை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்துக்குத் தெற்கே வெஸ்ட்மன் தீவுக்கூட்டத்தில் மக்கள் வாழும் ஒரே தீவு ஹெய்மேய். அங்கே புல் படர்ந்த பாறைச் சரிவுகளில் பஃபின் பறவைகள் வளை தோண்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். ஒன்றரை மாதம் போல வளைக்குள் மீன் தின்று வளர்ந்த குஞ்சு, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ ஒரு ராத்திரி, தாய் தகப்பன் துணையில்லாமல் கடலுக்குக் கிளம்பும். ஊர் விளக்குகளைக் கண்டு மயங்கினால் தெருவில் வந்து விழும். சமதரையிலிருந்து எழும்பிப் பறப்பது அதற்குப் பெரும்பாடு. பூனை, கார், துறைமுகத்து எண்ணெய், எதிலாவது அகப்பட்டு உயிர் போய்விடும்.

பிள்ளைகளே, பள்ளி திறந்துவிட்ட நாட்களிலும் நள்ளிரவு தாண்டித் தெருத்தெருவாக அலைகிறீர்கள். படங்களில் வரும் செம்மஞ்சள் அலகு குஞ்சுக்குக் கிடையாது, சாம்பல் முகமும் கறுத்த அலகுமாக இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள். கையுறை போடச் சொன்னீர்கள். கார்களுக்கு அடியிலும், மீன் பெட்டி அடுக்குகளின் இடுக்கிலும் எப்படித் தேடுவது என்று காட்டினீர்கள். மறுநாள் எடை பார்த்த பிறகு, பாறை விளிம்பில் நின்று, இரு கைகளாலும் பொத்திப் பிடித்து, கீழிருந்து மேலாக வீசச் சொன்னீர்கள். என் மகன் வீசிய குஞ்சு சிறகடித்துக் கடலைத் தொட்டபோது அவனைவிடச் சத்தமாக ஆர்ப்பரித்தவர்கள் நீங்கள்தான்.

முன்பு எங்களுக்கு வழிகாட்டிய சிறுமி இப்போது கார் ஓட்டுகிறாள், பின் இருக்கையில் அவள் தம்பியும் கூட்டாளிகளும். எனக்கு இதைவிட நிறைவான காட்சி வேறில்லை. 2000-களின் நடுவிலிருந்து பஃபின்களின் இரையான சேண்ட் ஈல் என்ற சிறுமீன் உங்கள் கடலில் அருகிப்போய், குஞ்சுகளே அதிகம் வராத ஆண்டுகள் பல இருந்தன. அப்போதும் பெட்டியோடு தெருவில் இறங்கினீர்கள். தலைமுறைகளாகப் பஃபினை வலைவீசிப் பிடித்து உண்ட ஊர் உங்களுடையது. அந்தப் பறவையின் அருமை உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

எங்களுக்கு அறை தந்த பாட்டிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 1973 ஜனவரி 23 அதிகாலை ஊர் ஓரத்தில் நிலம் பிளந்து எரிமலை கிளம்பியபோது, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் தீவைவிட்டு வெளியேறினார்கள். பெரும்பாலோரை ஏற்றிச் சென்றவை மீன்பிடிப் படகுகள். அவற்றில் ஒன்றில் சிறுமியாகப் போனவர் இந்தப் பாட்டி. பலர் திரும்பவில்லை, அவர் குடும்பம் திரும்பியது. நாங்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் அடுப்பில் சூப் வைத்துக் காத்திருந்தார். பாட்டி, உங்கள் பேரப்பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியே தட்டு வைத்தீர்களே, அதை மறக்க மாட்டோம்.

எண்ணெய் படிந்த குஞ்சுகளை வாங்கிக் கழுவிக் காப்பாற்றுகிறவர்களுக்கும், ராத்திரியில் துறைமுக வாசலைத் திறந்துவிட்ட மீன் ஆலைத் தொழிலாளர்களுக்கும், தெருவில் பிள்ளைகளைக் கண்டதும் வண்டியை நிறுத்தி முகப்பு விளக்கால் வெளிச்சம் காட்டியவர்களுக்கும் எங்கள் நன்றி.

அடுத்த ஆகஸ்டிலும் வருகிறோம். என் மகனின் தங்கையும் இப்போது பெட்டி தூக்கும் வயதுக்கு வந்துவிட்டாள்.

அன்புடன்,
உங்கள் விருந்தாளிக் குடும்பம்