முப்பது லட்சத்துக்கு 16, ஆறு கோடிக்கு 15: நிதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் திருமதி நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். இருபத்தைந்து வருடங்களாக அடுத்தவர் வருமானத்தைக் கூட்டிக் கழித்துக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. சி.ஏ. முடித்தவன் இல்லை என்றாலும் எங்கள் வீதியில் எல்லோருக்கும் நான் 'ஆடிட்டர்'தான். ஜூலை பிறந்தால் மேஜையில், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16 குவியும். அதோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வரும்.

"ஏனுங்க ஆடிட்டர், நெறையச் சம்பாதிக்கறவன் நெறையக் கட்டோணும்ங்கறாங்களே, நெசமாவே கட்டறானுங்களா?"

முன்பெல்லாம் "கட்டறாங்க, கட்டறாங்க" என்று சொல்லி, வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் ஸ்லாப் அட்டவணையைக் காட்டி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. என்னிடம் வந்த இரண்டு கணக்குகள்தான் காரணம். ஆட்கள் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக எண்களை மட்டும் முழு எண்களாக மாற்றிச் சொல்கிறேன்.

முதலாமவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பொது மேலாளர். ஆண்டுச் சம்பளம் 30 லட்சத்து 75 ஆயிரம். நிலைக் கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 30 லட்சம். புதிய முறைப்படி, 2025 பட்ஜெட்டில் நீங்கள் அறிவித்த ஸ்லாபில், 24 லட்சம் வரைக்கும் வரி 3 லட்சம்; மீதி 6 லட்சத்துக்கு 30 சதவீதம் என்றால் 1,80,000. வரியின் மேல் போடும் நான்கு சதவீத செஸ்ஸும் சேர்த்து 4,99,200 ரூபாய். வாங்கிய சம்பளத்தில் 16 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தப் பணத்தை அவர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. மாதா மாதம் சம்பளத்திலேயே வரியை டிடிஎஸ் என்று பிடித்த பிறகுதான் மிச்சம் வங்கிக்கு வருகிறது.

இரண்டாமவருடைய அப்பா அந்தக் காலத்திலேயே நல்ல பங்குகளாகப் பார்த்து வாங்கி வைத்துவிட்டுப் போனவர். மகன் அவற்றில் ஒரு பகுதியை விற்றார். சட்டப்படி கழிக்க வேண்டியதெல்லாம் கழித்த பிறகு நீண்டகால மூலதன லாபம் 6 கோடி. வேறு வருமானம் கிடையாது. அடிப்படை விலக்கு 4 லட்சம், பங்கு லாபத்துக்கான விலக்கு 1.25 லட்சம் போக மிச்சத்துக்கு 12.5 சதவீதம் வரி. அதன் மேல், பெரிய வருமானக்காரர் வரிக்கு மேல் கட்டும் கூடுதல் வரியான சர்சார்ஜ் 15 சதவீதம்தான், ஏனென்றால் இவ்வகை லாபத்துக்கு அதுவே உச்சவரம்பு. செஸ்ஸையும் சேர்த்தால் 88 லட்சத்து 91 ஆயிரம் சொச்சம். மொத்த லாபத்தில் இது 14.8 சதவீதம்.

கால்குலேட்டரை மூன்று முறை தட்டிப் பார்த்தேன், மாறவில்லை. மேலாளருடைய வருமானத்தைப் போல இருபது மடங்கு வாங்கியவர், மேலாளரைவிடக் குறைந்த விகிதத்தில் வரி கட்டியிருக்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை, ஏய்க்கவும் இல்லை. ஒழுங்காக முன்கூட்டியே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டிய மனிதர். சட்டம் கேட்டதைத்தான் கொடுத்தார். அதே 6 கோடியை ஒருவர் சம்பளமாக வாங்கினால் (எங்கள் ஊரில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை, ஒரு பேச்சுக்கு) 2 கோடியே 28 லட்சம் கட்டியாக வேண்டும். ஆக, உழைத்து வாங்கினால் 38 சதவீதம், பங்கு விலை ஏறியதால் வந்தால் 15 சதவீதம்.

ஆகவே பணக்காரர்மீது வரியை ஏற்றுங்கள் என்று யாராவது கேட்கும்போது, அதிகாரிகள் 30ஐ 35 ஆக்கலாமா என்று ஃபைல் போட்டுக்கொண்டு வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த ஏற்றம் போய் விழுவது என் மேலாளர் தலையில். பங்குக்காரரை அது தொடவே தொடாது.

எதிர்த்தரப்பு வாதம் எனக்குத் தெரியாதது அல்ல. பங்குக்காரரே என் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "கம்பெனி லாபத்துல ஏற்கெனவே 25 பர்சென்ட் கட்டிட்டுத்தானுங்க மிச்சம் எங்களுக்கு வருது. ஒரே மாட்டுல ரெண்டு தடவ பால் கறக்கலாமா?" நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனி தன் லாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் டிவிடெண்டுக்கு இந்த வாதத்தை நீங்களே 2020இல் தள்ளிவிட்டீர்கள். அது முதல் டிவிடெண்ட் வாங்குபவர் தன் ஸ்லாப் விகிதத்தில்தான் வரி கட்டுகிறார். கம்பெனி அந்த லாபத்துக்கும் வரி கட்டித்தானே இருந்தது? லாபத்தைப் பங்கு போட்டு வாங்கினால் ஒரு நியாயம், லாபத்தைக் கம்பெனியிலேயே விட்டுவைத்து பங்கை விற்று எடுத்தால் இன்னொரு நியாயமா?

அவர் சொன்ன இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. இருபது வருடத்தில் ஏறிய விலையில் பாதி வெறும் விலைவாசி உயர்வு; அது வருமானமே இல்லை. இதை ஏற்றுக்கொள்கிறேன். பணவீக்கத்துக்கு உரியதை இன்டெக்சேஷன் மூலம் தாராளமாகக் கழித்துக்கொள்ளட்டும். கழித்தது போக மிஞ்சுவது மெய்யான லாபம்தானே, அதை ஏன் மற்ற வருமானத்தோடு சேர்க்கக்கூடாது? 2004 முதல் 2018 வரை பட்டியலிட்ட பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு வரியே கிடையாது. 2018இல் பத்து வந்தது. 2024 ஜூலையில் அதைப் பன்னிரண்டரை ஆக்கியது நீங்கள்தான். போகும் திசை சரி. பாதி வழியில் நிற்கிறது என்பதே என் புகார்.

2019 ஜூலை 5 அன்று உங்கள் முதல் பட்ஜெட் உரையில் பிசிராந்தையார் பாட்டைத் தமிழிலேயே சொன்னீர்கள். யானை தானே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம், அரசன் வரி வாங்குவதும் அப்படி ஆகிவிடக்கூடாது என்ற 'யானை புகுந்த நிலம்' பாட்டு. அன்றிரவு எங்கள் தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சு. அதே பட்ஜெட்டில்தான் 2 கோடிக்கு மேல் 25 சதவீதம், 5 கோடிக்கு மேல் 37 சதவீதம் என்று சர்சார்ஜை ஏற்றினீர்கள். ஏழு வாரம் கழித்து, பங்கு லாபத்துக்கு அந்த ஏற்றம் இல்லை என்று விலக்கு வந்தது. செப்டம்பரில் கம்பெனி வரி 30இலிருந்து 22 ஆனது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வரவு போகும் என்று அரசே சொன்னது. 2023இல் புதிய முறையில் அந்த 37ஐயும் 25 ஆக்கிவிட்டீர்கள். 42.74 ஆக இருந்த உச்ச விகிதம் 39க்கு இறங்கியது. அந்த இறக்கம் 5 கோடிக்கு மேல் வாங்குபவருக்கு மட்டுமே. வரிசையாக அடுக்கிப் பார்த்தால் பாட்டில் இல்லாத ஒன்று தோன்றுகிறது: யானை எல்லா வயலுக்கும் போவதில்லை. சில வயல்களுக்கு மின்வேலி இருக்கிறது. சம்பளக்காரன் வயலுக்கு வேலியும் இல்லை, கதவும் இல்லை. டிடிஎஸ் என்று ஒரு வண்டிப்பாதைதான் இருக்கிறது.

2025-26 பட்ஜெட் ஆவணத்தில் 'ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது' என்று ஒரு வட்டப்படம் உண்டு. தனிநபர் வருமான வரி 22 காசு, கம்பெனி வரி 17 காசு. அதைப் பார்த்துவிட்டு என் மேலாளர் கேட்டார்: "அப்ப நாங்கதான் கம்பெனிங்களா சார்?"

பழைய காலத்துக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. 1973-74இல் உச்ச விகிதம் 97.75 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு மேல் நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். அதன்மேல் 'வெல்த் டாக்ஸ்' எனும் சொத்து வரி வேறு. அப்படி வரி போட்டால் எவன் ஒழுங்காகக் கணக்கு காட்டுவான்? வரி ஏய்ப்புக்கு முதல் காரணமே இந்த விகிதம்தான் என்று 1971இல் வாஞ்சூ குழு சொல்லியிருந்தது. 1976இல் நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் நிதி அமைச்சராக இருந்து அதை 66க்குக் கொண்டுவந்தார். நான் தொழிலுக்கு வந்தபோது எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த பெரியவர் அந்தக் காலத்து இரட்டை நோட்டுப் புத்தகங்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஒன்று ஆபீசருக்கு, ஒன்று சாமி அலமாரிக்கு.

சொத்து வரியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்பவர்களோடும் எனக்குப் பெரிய ஒட்டுதல் இல்லை. 1957இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி கொண்டுவந்தது, 2015இல் அருண் ஜேட்லி எடுத்தார். 2013-14இல் நாடு முழுக்க அதில் வசூலானது 1,008 கோடிதான் என்று அவரே மன்றத்தில் சொன்னார். வாடிக்கையாளர் வீட்டு நகையை எடை போட்டு விலை கட்டியவன் நான். பங்கு எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வராது, பாட்டி காப்பு மட்டும் வரும். போனதில் வருத்தமில்லை.

இனி, அதிகம் பேசப்படாத விஷயத்துக்கு வருகிறேன். பணக்காரரிடம் கூடுதலாக எடுக்கும்போதெல்லாம் டெல்லி அதைச் சர்சார்ஜ், செஸ் என்ற பெயரில் எடுக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 271ஆம் பிரிவின்படி சர்சார்ஜ் முழுக்க ஒன்றியத்துக்கு. செஸ்ஸும் மாநிலங்களோடு பகிரும் தொகுப்பில் சேராது. மேலே சொன்ன 6 கோடிச் சம்பளக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டும் 2.28 கோடியில் அடிப்படை வரி சுமார் 1.76 கோடி. மிச்சம் கிட்டத்தட்ட 53 லட்சம் சர்சார்ஜும் செஸ்ஸும். அந்த 53 லட்சத்தில் எந்த மாநிலத்துக்கும் ஒரு பைசா கிடையாது. அடிப்படை வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம். 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக் குழுவின் கணக்கில் அந்த 41க்குள் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். அதாவது நூறு ரூபாய்க்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட இல்லை. இதில் வேடிக்கை, அந்த நான்கு சதவீத செஸ்ஸின் பெயர் 'சுகாதாரம் மற்றும் கல்வி'. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸுக்குச் சம்பளம் கொடுப்பது மாநிலம். பிள்ளைகள் போகும் நடுநிலைப் பள்ளியும் மாநிலத்துடையது.

சர்சார்ஜை எடுத்துவிட்டு மேல் ஸ்லாபில் 37.5 என்று நேரடி விகிதமாகவே வையுங்கள். 5 கோடிக்காரர் கட்டுவது ஏறத்தாழ அதே தொகைதான். அது போய்ச் சேரும் இடம் மட்டும் மாறும்.

வரியை ஏற்றினால் பணக்காரர்கள் துபாய்க்குப் போய்விடுவார்கள் என்கிறார்கள். சிலர் போவார்கள், எனக்கே இருவரைத் தெரியும். வெளிநாட்டில் எங்கும் வரி கட்டாமல் இங்கே 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள குடிமகன் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார் என்று 2020இல் சட்டம் கொண்டுவந்து அந்தக் கதவைப் பாதி சாத்தியதும் நீங்கள்தான். அது முழுக்கச் சாத்தவில்லை. ஆனால் ஆள் போனாலும் பனியன் கம்பெனி அவினாசி ரோட்டை விட்டு நகராது.

ஒன்றிய வருமான வரியிலிருந்து தப்பும் விவசாய வருமானம் பற்றி நீளமாக எழுதலாம், எழுதப்போவதில்லை. அது மாநிலங்களின் அதிகாரத்தில் வருவது. "தென்னந்தோப்பு வருமானம்னு காட்டிரலாங்களா?" என்று வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். நிஜமாகத் தோப்பில் நிற்கிறவன் அப்படிக் கேட்பதில்லை.

வருமான வரியே கட்டாதவர்கள்தானே நாட்டில் பெரும்பாலோர், அவர்களுக்காக ஏன் பேச வேண்டும் என்று சில வாடிக்கையாளர்கள் எரிச்சல்படுகிறார்கள். என் அலுவலகத்துக்குக் கீழே தையல் யூனிட் ஒன்று இருக்கிறது. அங்கே பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் தைக்கும் அம்மா ஃபார்ம் 16ஐக் கண்டதில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 22 வரைக்கும் டீயில் நனைத்துச் சாப்பிட்ட பிஸ்கட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டியிருக்கிறார். இப்போது 5 சதவீதம், நல்லது செய்தீர்கள். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றதையும் வரவேற்றோம், இனிப்புகூடக் கொடுத்தோம். அதனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி வரவு குறையும் என்று சொன்னீர்கள். அந்தப் பள்ளத்தை எங்கிருந்து நிரப்புவது என்று தேடும்போது பிஸ்கட் பக்கம் திரும்ப வேண்டாம், மேலாளர் பக்கமும் வேண்டாம்.

ஒரு வருடத்தில் 1 கோடி வரைக்குமான பங்கு லாபத்துக்கு இப்போதைய 12.5 அப்படியே இருக்கட்டும். பிள்ளை கல்யாணத்துக்கு ஃபண்டை விற்கிறவர் பயப்பட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால், பணவீக்கத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தைச் சம்பளத்தைப் போலவே ஸ்லாபில் சேருங்கள். சர்சார்ஜுக்கான அந்த 15 சதவீத உச்சவரம்பையும் எடுத்துவிடுங்கள். பங்குக்காரரிடம் இந்த மடலின் நகலைக் காட்டினேன். முழுக்கப் படித்தார். "எனக்கு எவ்வளவு கூடும்?" என்று மட்டும் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போடறதுன்னா எல்லாருக்கும் போடச் சொல்லுங்க, எனக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைத்தான் நானும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு வரிக் கணக்கர்