அம்புக்குறி போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் இருந்துகொண்டு, டிவி பாட்டுப் போட்டிகளில் இந்த வாரம் யார் முன்னிலை, யாருக்கு எத்தனை வீதம் வாய்ப்பு என்று இணையத்தில் பட்டியல் போடும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருபது வருடங்களாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பட்டியல்களை விடாமல் பார்க்கிறவள். சனி, ஞாயிறு இரவுகளில் எங்கள் வீட்டில் தமிழ்நாட்டுச் சேனல்தான் ஓடும். யார் நிற்பார், யார் போவார் என்று நானும் என் கணவரும் ஒரு கொப்பியில் எழுதிவைத்து மறுவாரம் பார்ப்போம். ஆகவே இது பட்டியலே வேண்டாம் என்கிற மடல் இல்லை.

போன புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி படிக்கிறாள். உள்ளூர்ப் போட்டி ஒன்றில் கடைசி ஒன்பது பேருக்குள் வந்துவிட்டாள். அன்று வந்தவள் சுருதிப் பெட்டியைப் போடவில்லை. அம்மாவின் போனை என்னிடம் நீட்டினாள். திரையில் அவளுடைய படம், பக்கத்தில் கீழ்நோக்கிய சிவப்பு அம்புக்குறி, ஏழாம் இடம், 12 வீதம். "டீச்சர், பன்னிரண்டு வீதம் எண்டா என்ன?" என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் போன பிறகு அந்தப் பட்டியலை எடுத்து, அவளுடைய பாட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். 35, 30, 28, 20, 18, 15, 12, 10, 8. மொத்தம் 176 வீதம். ஒரே ஒரு கிண்ணம், ஒன்பது பிள்ளைகள், வாய்ப்பு மட்டும் நூற்றுக்கு நூற்று எழுபத்தாறு. யாரோ மனம்போன போக்கில் போட்ட எண்கள். அதைப் பிள்ளை பரீட்சைப் புள்ளியாக எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த சுற்றுக்காக நாங்கள் மூன்று வாரமாகப் பழகிய பாட்டு மெதுவானது. அவளுடைய ஐந்தரைக் கட்டைக்கு (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) அளவாக, சங்கதிகள், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வளைவுகள், எல்லாம் தொண்டைக்கு இதமாக விழும். பட்டியலின் கீழே யாரோ "ஹை பிட்ச் போகாது, மேலே வர மாட்டார்" என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, வேறு பாட்டு வேணும், ஆறரைக் கட்டையில் பாடுறேன் என்று நின்றாள். பாடியும் காட்டினாள். மேல் ஷட்ஜத்தில், அதாவது உச்ச ஸாவில், நின்றபோது கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாம் தரம் குரல் கிழிந்தது. மூன்றாம் தரம் பாட நான் விடவில்லை.

தம்பி, தங்கச்சி, உங்கள் பட்டியல் ரசிகர்களோடு நின்றுவிடுவதில்லை. பாடுகிற பிள்ளையின் தொண்டைக்குத் திரும்பிப் போகிறது.

பாட்டை வரிசைப்படுத்துவது கொழும்புக்குப் புதிய விஷயம் இல்லை. 1952 இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி டொரிங்டன் சதுக்கத்தில் இருந்த ரேடியோ சிலோனிலிருந்துதான் ஒலித்தது. அதன் அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்த நாடாக்கள் இங்கே வந்து, இங்கிருந்து இந்தியா முழுக்கப் போயின. வாராவாரம் எந்தப் பாட்டு ஏறியது, எது இறங்கியது என்று ஒரு உபகண்டமே காது கொடுத்தது. ஆனால் அங்கே ஏறியதும் இறங்கியதும் பாட்டுகள். இசைத்தட்டு விற்பனை, நேயர் கடிதங்கள் என்று கணக்குக்கு ஏதோ ஒரு அடிப்படையும் இருந்தது.

வாய்ப்பை அளக்க ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்கன் ஐடல் என்ற அமெரிக்க டிவி பாட்டுப் போட்டி நடந்த நாட்களில் டயல் ஐடல் என்று ஒரு மென்பொருள் வந்தது. வாக்களிக்கும் இலக்கங்களுக்கு வீட்டிலிருந்தே அழைத்து, எந்தப் பாடகரின் லைன் எத்தனை தரம் பிஸியாக இருக்கிறது என்று எண்ணி, முடிவை முன்கூட்டிச் சொல்லப் பார்த்தது. சில வாரங்களில் அதுவும் பிழைத்தது. இருந்தாலும் அதன் எண்ணிக்கைக்குப் பின்னால் மக்கள் உண்மையில் போட்ட அழைப்புகள் இருந்தன. உங்கள் 12 வீதம் எதை எண்ணி வந்தது?

இன்னொன்று. வாய்ப்பும் பாட்டும் வேறு வேறு. கடைசியில் பாடுபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆதரவு விழுகிறது என்பதை ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷன், ஐடல் வகைப் போட்டிகள் ஆகியவற்றின் முடிவுகளை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். எந்தச் சுற்று என்பதிலும் நிறைய இருக்கிறது. பக்திப் பாட்டுச் சுற்றில் மிதந்த பிள்ளை குத்துப் பாட்டுச் சுற்றில் தடுமாறலாம். டூயட் என்றால் பக்கத்தில் நிற்பவரின் கட்டைக்கு ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். நாம் வீட்டில் கேட்பதும் அரங்கில் கேட்ட குரல் இல்லை. பதிவு செய்து, ஒலியைச் சமன் செய்து, வெட்டி ஒட்டி அனுப்பியது. பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் பாட்டுப் போட்டியில் 2010 இல் குரலை ஆட்டோ டியூன் போட்டுச் சரிசெய்ததை நிகழ்ச்சித் தரப்பே ஒத்துக்கொண்டது. இத்தனையும் நடுவில் இருக்க, "இவளுக்கு சுருதி போதாது, வாய்ப்பு குறைவு" என்று ஒரே மூச்சில் எப்படி எழுதுகிறீர்கள்?

நம் ஊர்ப் பிள்ளைகள் என்று வந்தால் இது இன்னும் கூடிவிடுகிறது. 2023 இல் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவும் மலையகத்து அசானியும் சரிகமப போட்டியில் சென்னை மேடையில் பாடியபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. டிசம்பரில் கில்மிஷா பட்டம் வென்ற இரவு எங்கள் மாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. ஆனால் அந்த மாதங்களில் காலி வீதி பஸ்ஸிலும் சலூனிலும் கேட்ட கேள்வி என்ன? "யாழ்ப்பாணமா, மலையகமா?" இரண்டு சின்னப் பிள்ளைகளின் பாட்டை இரண்டு ஊர்களின் தேர்தலாக்கிவிட்டோம். அந்தப் பாரம் அவர்கள் தோளில் ஏன் ஏற வேண்டும்?

இடம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். ஹிந்திப் பாடகர் அர்ஜித் சிங் 2005 இல் ஃபேம் குருகுல் போட்டியில் ஆறாவதாகத்தான் வந்தார். பாடகியும் நடிகையுமான ஜெனிஃபர் ஹட்சன் 2004 இல் அமெரிக்கன் ஐடலில் ஏழாம் இடத்தில் வெளியேறி, 2007 இல் ஒஸ்கார் வாங்கினார். என் மாணவியிடமும் இதைத்தான் சொன்னேன். "அவங்கள் பெரியாக்கள் டீச்சர்" என்றாள். சரிதான். பதினொரு வயதில் அடுத்த சனிக்கிழமையே உலகத்தின் முடிவு.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பெரியவர்கள் பாடும் போட்டிக்குத் தாராளமாகப் பட்டியல் போடுங்கள். கூட்டினால் நூறு வரட்டும். போன வாரம் நீங்கள் சொன்னது எத்தனை பலித்தது என்பதையும் பக்கத்தில் போடுங்கள். பாட்டு எப்படி இருந்தது என்பதைத் தனியாக எழுதுங்கள், அதில் தயங்க வேண்டாம். சுருதி விலகியிருந்தால் எந்த இடத்தில் விலகியது, சரணத்திலா, மேல் சங்கதியிலா என்று சொல்லுங்கள். அது பாடுபவருக்கும் உதவும். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் பாட்டுகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள். இந்த வாரம் கேட்ட ஒன்பது பாட்டில் எது மனதில் நின்றது, ஏன் நின்றது. பிள்ளையின் படம் வேண்டாம், வீதம் வேண்டாம், சிவப்பு அம்புக்குறி கட்டாயம் வேண்டாம். இப்படிச் செய்தால் பார்ப்பவர்கள் குறைவார்கள் என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டைப் பற்றிக் கதைத்தால் இந்த ஊர் கேட்கும். அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த ஊர் இது.

அடுத்த சுற்று வருகிற சனிக்கிழமை. பழைய பாட்டையே, ஐந்தரைக் கட்டையிலேயே பாட அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு உங்கள் பட்டியல் வரும், அவள் அம்மாவின் போனை எடுத்துப் பார்ப்பாள். அதற்கு முன் இந்த மடல் உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இன்றே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பாட்டு டீச்சர்