வடிவு பார்க்க வாற சனம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு நல்லூர்க் கந்தன் துணை.

"பனியைத் தவிர அங்கை என்ன கிடக்கு, சனம் காசைக் கொட்டி வருகுது?" என்று போனில் கேட்டீர்கள். அப்போது ஹோட்டல் குசினியில் கழுவக் கோப்பைகள் குவிந்து கிடந்ததால் ஒழுங்காகக் கதைக்க முடியவில்லை. இண்டைக்கு லீவு.

சுவிஸில் நான் நிற்கிற இந்தச் செர்மாட் ஊர் நாங்கள் நினைத்த மாதிரி பெரிய உயரத்தில் இல்லை, அம்மா. 1,600 மீற்றர்தான். நுவரெலியா இதைவிட உயரம், 1,868 மீற்றர்! ஆனால் அங்கே ஒரு ஸ்வெட்டர் போதும். இங்கே மார்கழியில் வெளியே போனால் மூக்கு எரியும். சுற்றிவர 4,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைகள். அதில் சனம் தேடி வருவது மாட்டர்ஹோர்னை, 4,478 மீற்றர். மாமா கொண்டுவந்த டொப்ளரோன் பெட்டியில் இருந்த கூர் மலை அதுதான். சொக்லேட்டில் ஒரு பகுதியைச் சிலோவாக்கியாவில் செய்யப் போகிறார்கள் என்று 2023இல் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். இந்த நாட்டுச் சட்டம் அப்படி.

மற்ற மலைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்க, இது மட்டும் தனியே நிற்கும். எல்லா நாளும் தெரியாது. முகில் மூடினால் மூடினதுதான். எனக்குக் குசினிக்குள் ஜன்னல் இல்லை, ஆனாலும் மலை வெளித்தது உடனே தெரியும்: காலைச் சாப்பாட்டுக் கோப்பைகள் அரைவாசி முட்டையோடு, கடித்த பாணோடு திரும்பி வரும். எல்லாரும் கமெராவோடு வெளியே ஓடியிருப்பார்கள். மூடின நாளில் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டிருப்பார்கள், வேறு வேலை இல்லைத்தானே.

ஊருக்குள் கார் விடமாட்டார்கள். கீழே தேஷ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டு றெயிலில் ஏறி வரவேணும். இங்கே ஓடுவது பெட்டி மாதிரிச் சின்ன பற்றரி வண்டிகள். அதனால் றோட்டில் நின்றாலே ஆற்றுச் சத்தம் கேட்கும். பட்டணத்துச் சனம் இதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்குது என்று நினைக்கிறேன்.

1865இல் ஏழு பேர் முதன்முதல் அந்த உச்சியில் ஏறினார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து நாலு பேர் விழுந்து செத்தார்கள். அறுந்த கயிறு இங்கே மியூசியத்தில் இருக்கு. அந்தக் கதை உலகமெல்லாம் பரவித்தான் ஊருக்குப் பேர் வந்தது. ஆனால் என்னைக் கேட்டால் சனத்தைக் கொண்டுவந்தது றெயில்தான். கோர்னர்கிராட் என்ற மேட்டுக்கு 1898இலேயே கரண்டில் றெயில் விட்டிருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு நடுவே பல்லுப் பல்லாக இரும்பு. அதைக் கடித்துக் கடித்து 3,089 மீற்றர் வரை ஏறுது. எண்பது வயது மனுசிகள் கைப்பையோடு போய் மேலே கோப்பி குடித்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் வந்தாலும் முழங்கால் நோகாமல் பார்க்கலாம்.

வைகாசியில் பனிச்சறுக்குக்காரர் போய்விடுவார்கள், நடக்கிற சனம் இன்னும் வராது. எங்கள் ஹோட்டலையும் பூட்டுவார்கள், சம்பளமும் இல்லை. பேர்னில் சித்தப்பா வீட்டில் நிற்பேன். ஆனபடியால் வேலி அடைக்கிற காசை இந்த மாதமே போட்டுவிடுகிறேன். ஆளை இப்பவே சொல்லி வையுங்கள். பிறகு கூலி கூட்டிக் கேட்பான்.

அன்பு மகன்